லிஸ்ட்டில் இல்லாத பில்லை எப்படிப் பிடிப்பது?

சி.ஏ. படிப்பவர்கள் ஆடிட்டரிடம் எடுக்கும் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் மாதமே இதைக் கேட்டுவிடுவேன். கம்பெனி யாருக்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டும் என்று காட்டும் கிரெடிட்டர்ஸ் லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு பில்லையும் எடுத்துப் பார்த்து டிக் அடித்துவிட்டாய், சரி, லிஸ்ட்டிலேயே ஏறாத பில்லை என்ன செய்வாய்?

பேலன்ஸ் ஷீட்டில் ஒரு தொகையை எழுதும்போதே நிர்வாகம் பல உறுதிகளைக் கொடுத்துவிடுகிறது. இது நிஜமாகவே இருக்கிறது, எங்களுடையது, மதிப்பு சரி, எதுவும் விடுபடவில்லை, இந்த வருஷத்துக்கு உரியதுதான். அசர்ஷன் என்பது இதுதான். எல்லாவற்றிலும் ஒரே அளவு ஆபத்து கிடையாது. பேங்க் லோனுக்காக லாபம் காட்ட நினைப்பவர் இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டுவார், கொடுக்க வேண்டியதை மறைப்பார். வரியைக் குறைக்க நினைப்பவரிடம் அப்படியே தலைகீழ். அதனால் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால், இவருக்கு எந்தப் பக்கம் சாய்க்கத் தோன்றும் என்று யோசியுங்கள்.

ஒரு நூற்பாலையில் நடந்தது. லெட்ஜரிலிருந்து பில்லுக்குப் போய்ப் பார்த்தோம், ஒரு பிழையும் இல்லை. அப்புறம் கேட்டில் செக்யூரிட்டி எழுதும் இன்வர்ட் நோட்டை வாங்கிப் புரட்டினால், மார்ச் 29-ஆம் தேதி சாயங்காலம் ஒரு லாரி பஞ்சு உள்ளே வந்திருக்கிறது, பில்லோ ஏப்ரல் 4-இல்தான் கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியில் ஏறியிருக்கிறது. மார்ச் 31 அன்று குடோனில் எண்ணியபோது அந்தப் பேல்களையும் சேர்த்தே எண்ணிவிட்டார்கள். சரக்கு கணக்கில் உண்டு, அதற்கான கடன் இல்லை, அந்தத் தொகை அப்படியே லாபமாகிவிட்டது. லெட்ஜரிலிருந்து தொடங்கியிருந்த நாங்கள் எத்தனை டிக் அடித்திருந்தாலும் இது கிடைத்திருக்காது. இருக்கிறதா என்று பார்க்க புத்தகத்திலிருந்து வெளியே போக வேண்டும், விடுபட்டதா என்று பார்க்க வெளியிலிருந்து புத்தகத்துக்குள் வர வேண்டும்.

சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் கணக்கு மோசடியில், இல்லாததைக் காட்டுவது, கொடுக்க வேண்டியதை மறைப்பது இரண்டும் சேர்ந்தே இருந்தன. 2009 ஜனவரி 7 அன்று அதன் சேர்மன் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி கிடையவே கிடையாது, கணக்கில் வராத கடன் 1,230 கோடி. வங்கி இருப்புக்கு, வெளியாரிடம் உறுதி கேட்பது பற்றிய ஆடிட் விதியான எஸ்ஏ 505 சொல்வது எளிய விஷயம்: உறுதிக் கடிதத்தை நாமே அனுப்பி, பதிலும் நம் கைக்கே நேராக வர வேண்டும். கம்பெனி அக்கவுண்டன்ட் கவரைப் பிரித்து நீட்டினால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மறுபடி அனுப்புங்கள், டைம் இல்லை என்று யார் சொன்னாலும்.

விடுபட்ட பில்களுக்கு இப்போது ஜிஎஸ்டி போர்ட்டலே பெரிய துணை. சப்ளையர் ஏற்றிய பில், வாங்கியவருக்கு போர்ட்டல் மாதாமாதம் தரும் 2பி பட்டியலில் வந்து நிற்கும். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாத 2பி-யையும் இறக்கி, மார்ச் தேதி போட்ட பில்களை மட்டும் பிரித்து, டேலியில் தேடுங்கள். ரிட்டர்னே போடாத சப்ளையர் இதில் சிக்க மாட்டார், அதனால் கேட் நோட்டை விட்டுவிடாதீர்கள்.