வெப்ராளத்துக்கு ஒரு வியாழக்கிழமை

நாகர்கோவிலில் என் மனநல ஆலோசனை அறைக்கு வருகிற இளவட்டங்கள் 'டிப்ரஷன்', 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டேதான் வருகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் ஒரே சொல்தான்: வெப்ராளம். "ஒரே வெப்ராளமா இருக்கு மக்ளே, ராத்திரி உறக்கமே இல்ல." பதற்றம், துக்கம், இருப்புக்கொள்ளாமை எல்லாம் கலந்த அந்தச் சொல்லுக்கு ஈடாக நான் படித்த புத்தகங்களில் ஒன்றும் அகப்படவில்லை.

காரணம் கேட்டால் வரிசையாக வரும். வளைகுடாவில் மகனுக்கு வேலை போய்விட்டது. தங்கு கடலுக்குப் போன படகிலிருந்து நாலு நாளாகத் தகவல் இல்லை. ரப்பர் விலை. மகளின் விவாகரத்து வழக்கு. சிலருக்குச் சொந்தமாக ஒரு குறையும் இருக்காது, போனில் விடிய விடிய ஓடும் போர்ச் செய்திகள்தான் நோய். இவற்றில் ஒன்றைக்கூட என்னால் சரிசெய்து கொடுக்க முடியாது. மாத்திரை எழுதுவதும் என் வேலை இல்லை.

அதனால் இரண்டாவது சந்திப்பில் நான் கேட்கிற கேள்வி பலருக்கு வேடிக்கையாக இருக்கும். "உங்களுக்குச் சேக்காளி யார் யார்? வாரத்தில் எந்தக் கிழமை கொஞ்சம் ஒழியும்?"

இரண்டு மூன்று பேர், குறித்த ஒரு கிழமை, கையால் ஏதாவது ஒன்றைச் செய்வது. நான் கேட்பது இவ்வளவுதான். படம் வரையலாம், ஓலை பின்னலாம், துணியில் பூ வேலை செய்யலாம். "கலை" என்ற சொல்லை முதலில் நான் எடுப்பதே இல்லை. எடுத்தால், "எனக்கு அதெல்லாம் வராது மக்ளே" என்று ஆள் எழுந்துவிடுவார். அப்புறம் அவரிடமே, அத்தப்பூ போட்டதில்லையா, குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையில் சிலுவை மடித்ததில்லையா, டிசம்பரில் விடியவிடிய குடில் கட்டியதில்லையா என்று கேட்டால் சிரிப்பார். இந்த மாவட்டத்தில் கை வராதவர் என்று யாரும் கிடையாது. நம் கைக்கு வருவதை நாமே கலை என்று எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் நான் அறிந்த நாலு பேரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், அவர்களிடம் கேட்டுவிட்டும்தான் எழுதுகிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற டீச்சர். ஒருவர் தையல்கடை வைத்திருக்கும் அக்கா. இன்னொருவரின் பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். நாலாமவர் கடற்கரை ஊர்க்காரர், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்த கணவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத சாவு வேறு மாதிரியான துக்கம். அமெரிக்கக் குடும்பநலச் சிகிச்சையாளர் பாலின் பாஸ் 1970களிலிருந்தே இதைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர். போருக்குப் போய்க் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களில் அவர் பார்த்ததை நான் நம் கடற்கரையில் பார்த்தேன். அழுது முடிக்கவும் வழியில்லை, காத்திருப்பதை நிறுத்தவும் வழியில்லை. இந்த அக்கா இரண்டு வருடம் கணவரின் சட்டையைத் துவைத்துத் துவைத்து மடித்து வைத்தார். என்னிடம் வந்தபோது பேசவே மாட்டார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார், நேரம் முடிந்ததும் போவார். அவரைத் தையல்கார அக்காதான் முதலில் ஒரு வியாழக்கிழமை டீச்சர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மூன்று பேரும் பனையோலையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தார்கள். "சும்மா இரி, இந்த வாரைப் பிடிச்சுக்கோ" என்று கையில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ, ஓலையை விட்டுக் கண்ணெடுக்காமல், "அவருக்கு மரச்சீனியும் மீனும்னா உயிரு" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. மற்றவர்கள் "ம்" கொட்டிவிட்டுப் பின்னிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். என் அறையில் ஐந்து மாதம் வராத வாக்கியம் அது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஏன் அங்கே வந்தது? முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு ஒரு கட்டாயமாகிவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். கரையில் வலை பொத்துகிற ஆண்களைப் பாருங்கள். வீட்டில் வாய் திறக்காதவர்கள் அங்கே எவ்வளவு பேசுகிறார்கள்!

இன்னொரு காரணமும் உண்டு. மனத்தில் திரும்பத் திரும்ப வரும் காட்சிக்கும், கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற வேலைக்கும் மூளையில் ஒரே இடம்தான் வேண்டியிருக்கிறது. அந்த இடமோ சின்னது. எமிலி ஹோம்ஸ் குழுவினர் ஆக்ஸ்போர்டில் 2009இல் செய்த சோதனை ஒன்று. கோரக் காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரை அரைமணி கழித்து டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். விளையாடாதவர்களைவிட அவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் குறைவாகவே திடீரென்று நினைவில் வந்து மோதின. கட்டம் அடுக்குவதும் ஓலை பின்னுவதும் ஒன்றல்ல, அந்தச் சோதனையை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். ஆனால் ஒன்று மேல், ஒன்று கீழ், எண்ணிக்கை தப்பினால் பிரித்து மறுபடி என்று பின்னுகிறபோது வேறு காட்சிக்கு இடம் குறைகிறது என்பதை அந்த நாலு பேரும் அவரவர் வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள்.

நன்றாக வந்தால்தான் பலன் உண்டா? இதுதான் எல்லோரும் கேட்பது. பிலடெல்பியாவில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர், 45 நிமிடம், களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் இவற்றில் எதைக் கொண்டும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டார்கள். முன்னும் பின்னும் எச்சில் எடுத்துப் பார்த்ததில், சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் கார்ட்டிசால் குறைந்திருந்தது. இது மன அழுத்தத்தில் உடம்பில் கூடுகிற ஹார்மோன். முன்பு கலைப் பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாகத் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. கால்வாசிப் பேருக்குக் கார்ட்டிசால் கூடவும் செய்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். கையில் பிரஷ் எடுத்ததும் சிலருக்குப் பள்ளிக்கூட டிராயிங் நோட்டும் அடியும் ஞாபகம் வருமோ என்னவோ.

ஆனால் என் அனுபவத்தில் ஓலையைவிட, வண்ணத்தைவிட முக்கியம் அந்தக் கிழமை. மனச்சோர்வில் இருப்பவரிடம் "மனசு வந்தா செய்யுங்க" என்று சொல்வது வீண். மனசு வராததுதானே நோயே! அவர்களுக்கு முதலில் செயல், அதற்குப் பின்னால்தான் மனசு. உளவியலில் இதற்கென்றே ஒரு சிகிச்சை முறை 1970களிலிருந்து இருக்கிறது. தனியாக இருந்தால் அந்த முதல் செயலைத் தள்ளிப்போட ஆயிரம் காரணம் கிடைக்கும். வாசலில் ஒருத்தி பையோடு நின்றுகொண்டு "நேரமாச்சு, வாறியா?" என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. டீச்சர் இதில் கண்டிப்பானவர். மழையானாலும் கரண்ட் போனாலும் மாலை நாலரைக்கு அவர் வீட்டுத் திண்ணையில் பாய் விரிந்திருக்கும். கட்டன்சாயா, இருந்தால் மட்டிப்பழம்.

ஓலையில் ஒரு தோதும் உண்டு. காய்ந்த ஓலையை மடக்கினால் ஒடிந்துவிடும். முந்தின ராத்திரியே தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஆகவே வியாழக்கிழமை புதன் ராத்திரியே தொடங்கிவிடுகிறது. உறக்கம் வராத ஆளுக்குப் புதன் ராத்திரி ஒரு வேலை இருக்கிறது, மறுநாளைக்கு ஒரு காரணமும் இருக்கிறது. நான் எந்தப் பாடத்தில் படித்தாலும் இவ்வளவு கச்சிதமான ஒரு வீட்டுப்பாடத்தை யோசித்திருக்க மாட்டேன்.

இந்தக் குழுவை நான் ஒருமுறை கெடுத்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். பெட்டிகள் அழகாகச் சேர்ந்திருந்த சமயம், ஓர் அமைப்பு தன் விழாவில் அவற்றைக் கண்காட்சியாக வைக்கலாமா என்று கேட்டது. அவர்களுக்கு ஊக்கமாக இருக்குமே என்று, அவர்களை முழுதாகக் கேட்காமலே நான் தலையாட்டிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து திண்ணையின் பேச்சே மாறியது. யார் பெட்டிக்கு மூடி சரியாக உட்காருகிறது, யார் சாயம் திட்டுத்திட்டாக இருக்கிறது, எத்தனை ரூபாய்க்குப் போகும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அந்த அம்மாவுக்குக் கை லேசாக நடுங்கும். அவர் பின்னியது எப்போதுமே கோணல்தான், அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை. கண்காட்சிக்கு முந்தின வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒக்கி அக்காவும் வரவில்லை. இரண்டு மாதம் பாய் விரிக்கவே இல்லை.

திரும்பச் சேர்த்ததும் நான் இல்லை. தையல்கார அக்கா ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடுங்கும் கை அம்மாவின் வீட்டுக்கே போனார். "எனக்குக் கிலுக்கு செய்யப் படிச்சுத் தா" என்று உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் ஆட்டி விளையாடும் ஓலைக் கிலுக்கு கோணலாக இருந்தாலும் கிலுகிலுக்கும். அன்றிலிருந்து என் முதல் விதி: விற்காதீர்கள், காட்சிக்கு வைக்காதீர்கள், ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பிழைப்புக்காகப் பின்னுகிறவர்களுக்கு இது பொருந்தாது, அது வேறு விஷயம், மரியாதையான தொழில். இது மனசுக்காகச் செய்வது.

இரண்டாவது விதி 2005இல் கற்றது. சுனாமிக்குப் பிறகு குளச்சல் பக்கம் ஒரு முகாமில் நான் மாணவத் தொண்டராக இருந்தேன். காலையில் ஒரு குழு கிரேயானோடு வரும், மத்தியானம் இன்னொன்று. எல்லோரும் பிள்ளைகளிடம் "நடந்ததை வரையுங்க" என்பார்கள், வரைந்தால் பிஸ்கட். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி என்னிடம் தாளை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "இன்னைக்கு அலை வரையணுமாக்கா, வீடு வரையணுமா?" எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அதிர்ச்சிக்கு உள்ளானவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் ஒரே அமர்வுச் சிகிச்சை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. படமும் அதேதான். எதை வரைவது என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. என்ன அர்த்தம் என்றும் கேட்கக் கூடாது. பத்து வாரம் ஒருவர் வாழையிலை மட்டுமே வரைந்தால், பத்து வாழையிலை. அன்று அந்தச் சிறுமி என்ன வரைந்தாள் என்று கேட்பீர்கள். நான் எதையும் சொல்லவில்லை. அவள் ஒரு ஆட்டை வரைந்தாள். நாலு காலும் நாலு அளவு.

ஆண்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அவர்கள் இதற்கு வருவதில்லை, வேறு பெயரில் வருகிறார்கள். குடில், நட்சத்திரம், கோயில் கொடைக்குத் தோரணம். சிக்கல் என்னவென்றால் இவை ஆண்டுக்கு ஒருமுறை முடிந்துவிடுகின்றன. அப்புறம் பதினொரு மாதம் ஒன்றும் இல்லை, அந்த இடைவெளியில் கூடுகிற இடமும் அவ்வளவு நல்ல இடமாக இருப்பதில்லை. ஒரு ஊரில் பையன்கள் குடிலுக்கு வாங்கிய மிச்சப் பெயின்டை வைத்து ஞாயிறுதோறும் பழைய வள்ளங்களுக்கு வண்ணம் அடிக்கத் தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது.

ஓலை எல்லாவற்றுக்கும் போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமோ சாப்பாடோ சரியில்லை, சாவைப் பற்றிய பேச்சு வருகிறது, குடி கூடுகிறது, இல்லாத குரல் கேட்கிறது என்றால் அடுத்த வியாழக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே திண்ணைக்கும் வரலாம், நாலு பேரில் இருவர் அப்படித்தான் வருகிறார்கள்.

தொடங்க நினைப்பவர்கள் பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். முடிந்துபோன தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம், ஒரு பெட்டி கிரேயான் போதும். ஒரு மணி நேரம் வையுங்கள், இரண்டு மணி வேண்டாம், வீட்டில் சண்டை வரும். ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், அடுத்த வாரம் அவருக்கும் பாயில் இடம் விடுங்கள். மூன்று பேருக்குக் குறைந்தாலும் நடத்துங்கள். ஒருவரே வந்தாலும் நடத்துங்கள் என்பார் டீச்சர், அவர் அப்படி நடத்தியும் இருக்கிறார்.

ஒக்கி அக்கா இப்போது என்னிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். கணவரின் சட்டைகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன, துவைப்பது நின்றிருக்கிறது. போன முறை வந்தது ஒரு புதன்கிழமை. ஐந்தரைக்குப் பேச்சு பாதியில் இருக்கும்போதே எழுந்துவிட்டார். "நான் போட்டா? ஓலை நனைக்கணும்."