சரிவு பிடிக்கும் வெயில்

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் பெர்ன்காஸ்டல் என்றொரு சிற்றூர். அதன் வீட்டுக் கூரைகளுக்கு மேலே எழும் மலைச்சரிவில் 'டாக்டர்' என்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பரப்பு மூன்று ஹெக்டேருக்குச் சற்றே அதிகம். நம் கணக்கில் எட்டு ஏக்கர். 14-ஆம் நூற்றாண்டில் நோயில் படுத்த ட்ரியர் நகரப் பேராயர் இரண்டாம் போமுண்ட், இங்கு விளைந்த ஒயினைக் குடித்து எழுந்தாராம். பெயர் அப்படி வந்ததாம். கதை கிடக்கட்டும். ஏறத்தாழ 50 டிகிரி வடக்கு அட்சரேகையில் திராட்சை பழுப்பதே பெரிய வைத்தியம்தான்.

இங்கு விளையும் ரீஸ்லிங் மெதுவாகப் பழுக்கும் ரகம். அறுவடை அக்டோபர் வரை இழுக்கும். அம்மாதக் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 27 டிகிரிதான் ஏறும். சமதரையில் அந்த வெயில் சாய்ந்து விழுந்து பரவிவிடுவதால், நேராக விழும் வெயிலின் பலத்தில் 45 சதவீதமே தரைக்குக் கிடைக்கும். தெற்கு நோக்கி 30 டிகிரி சாய்ந்த நிலத்திலோ அதே கதிர் 57 டிகிரி கோணத்தில் விழும். பலம் 84 சதவீதம். கிட்டத்தட்ட இரு மடங்கு! டாக்டர் தோட்டம் தெற்கும் தென்மேற்கும் பார்த்த செங்குத்துச் சரிவு. இரவில் கனமான குளிர்காற்றும் அங்கே தங்காமல் கீழே வழிந்துவிடும். அடியில் ஓடும் ஆறு மெதுவாகவே குளிர்வதால் உறைபனியின் கடுமையும் சற்றுக் குறையும்.

மண் என்று சொல்கிறோமே தவிர, காலடியில் நொறுங்குவது கருஞ்சாம்பல் சிலேட்டுக் கல். அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய பலகையும் இந்த வகைக் கல்தான். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, மலைகள் எழுந்தபோது நசுங்கி இப்படி ஏடு ஏடாகப் பிளக்கும் பாறையானது. கருமை பகல் வெப்பத்தை வாங்கி வைத்து, பொழுது சாய்ந்தபின் மெல்ல விடும். மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். வேர்களும் அதே விரிசல்களில் ஆழம் தேடிப் போகும்.

'சிலேட்டுச் சுவை நாக்கில் தெரிகிறது' என்பார்கள் ஒயின் ரசிகர்கள். கொடி பாறையின் சுவையை உறிஞ்சிப் பழத்தில் வைப்பதில்லை. சிலேட்டின் வேலை சூடும் வடிகாலும்தான்.

இவ்வளவு சரிவுக்கு விலையும் உண்டு. வழக்கமான டிராக்டர் ஏறாது, பெரும்பாலும் கைவேலைதான். பெருமழையில் கல் சரிந்து அடிவாரத்துக்கு வந்துவிடும். அதைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து, மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டியவர்கள் மோசல் விவசாயிகள்.