வட்டி முதல் பக்கத்தில், ஆபத்து அடுத்த பக்கங்களில்

வங்கியில் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன், அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டும் தொழில் கடன், கேட்டுப் போகும் சிறுதொழில் முதலாளிகள் என்னிடம் முதலில் பேசுவது வட்டியைப் பற்றித்தான். ஒரு வங்கி 10.25 சதவீதம் சொல்கிறது, இன்னொன்று 9.75க்குத் தருகிறது, எதற்குப் போகலாம் சார் என்று கேட்கிறார்கள். கோவை கணபதி, சின்னவேடம்பட்டி பக்கம் லேத் பட்டறை, பம்ப்செட் உதிரிபாகம், ஃபவுண்டரி நடத்துபவர்களின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் நான். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "சாங்ஷன் லெட்டரை, அதாவது கடன் ஒப்புதல் கடிதத்தை, முழுதாகப் படித்தீர்களா?" பெரும்பாலும் படித்திருக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி வைத்துக் கொடுத்திருப்பார்கள். குறி இருந்த இடமெல்லாம் போட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

40 லட்ச ரூபாய் வரம்பில் அரை சதவீதம் என்பது, முழுத் தொகையையும் ஆண்டு முழுவதும் எடுத்து வைத்திருந்தால்கூட, 20,000 ரூபாய். அதுவும் உழைத்துச் சம்பாதித்த பணம்தான். பேரம் பேசுங்கள், தவறில்லை. ஆனால் நான் பார்த்தவரை எந்தப் பட்டறையும் அரை சதவீத வட்டியால் மூடப்பட்டதில்லை. யாரும் படிக்காத நிபந்தனைகளால் மூடப்பட்டவை உண்டு.

முதலில் அந்த வட்டி எப்படி அமைகிறது என்று பார்ப்போம். 2019 அக்டோபர் 1 முதல் குறு, சிறு நிறுவனங்களுக்கு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி; அது எல்லோருக்கும் ஒன்றே. அதன் மேல் வங்கி சேர்க்கும் விகிதம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்தத் தொழில்காரரிடம் கொடுத்த பணம் திரும்பி வருமா என்ற சந்தேகத்துக்கு வங்கி வைக்கும் விலையும் அதற்குள் இருக்கிறது. கணக்கில் செக் திரும்புவது, ஜி.எஸ்.டி. கணக்கில் காட்டிய விற்பனைக்கும் வங்கிக்கு வரும் வரவுக்கும் பொருந்தாமல் போவது, ஒரே பார்ட்டியை நம்பித் தொழில் நடப்பது எல்லாம் அந்த விலையை ஏற்றும். கடன் வரலாற்றைத் தொகுக்கும் சிபில் நிறுவனம் தொழில்களுக்கு 1 முதல் 10 வரை தரும் சி.எம்.ஆர். தரவரிசையையும் வங்கி பார்க்கிறது. அதில் 1 என்பதே மிகக் குறைந்த ஆபத்து. முதலாளியின் சொந்த சிபில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, நிறுவனத்தின் பெயரிலும் ஒரு தரவரிசை ஓடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். இடருக்காகச் சேர்த்த பகுதியை வங்கி நினைத்த நேரத்தில் ஏற்ற முடியாது. உங்கள் கடன் தரம் பெருமளவு மாறினால் மட்டுமே, அதுவும் ஒப்பந்தத்தில் உள்ளபடி மாற்றலாம். ஆகவே கிளை மேலாளரிடம் "எங்களுக்கு உங்கள் வங்கி போட்டிருக்கும் உள்மதிப்பீடு என்ன, எதனால்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கடிதத்தில் வரம்பு 40 லட்சம் என்று இருக்கும். எடுக்க முடிந்த தொகை அது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எடுக்க முடிவது டிராயிங் பவர் அளவுக்குத்தான். அதை மாதாமாதம் நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், அதாவது சரக்கு இருப்பும் வர வேண்டிய பில்களும் அடங்கிய பட்டியல், தீர்மானிக்கிறது. ஒரு பம்ப்செட் உதிரிபாகப் பட்டறையின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு இருப்பு 40 லட்சம். அதில் 12 லட்சத்துக்கான வார்ப்படத்துக்கு ஃபவுண்டரிக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. வங்கி அந்த 12 லட்சத்தைக் கழித்துவிடும். கடனுக்கு வாங்கிய சரக்கு உங்களுடையது ஆகாது என்பது அதன் கணக்கு. மீதி 28 லட்சத்தில் 25 சதவீதம் மார்ஜின் (உங்கள் பங்காக வங்கி விட்டுவிடும் பகுதி) போக 21 லட்சம். வர வேண்டிய பில்கள் 30 லட்சம். அவற்றில் 90 நாளைத் தாண்டியவை 12 லட்சம். அவை கணக்கிலேயே சேராது. மீதி 18 லட்சத்தில் 40 சதவீதம் மார்ஜின் போக 10.8 லட்சம். கூட்டினால் 31.8 லட்சம். வரம்பு 40 ஆனாலும் இந்த மாதம் எடுக்க உரிமை உள்ளது 31.8 மட்டுமே. மார்ஜின் விகிதமும் பில்லுக்கான நாள் கணக்கும் வங்கிக்கு வங்கி மாறும். அரை சதவீதம் குறைத்துத் தரும் வங்கி பில்லுக்கு 60 நாள்தான் அனுமதிக்கிறது என்றால், 75 நாளில் பணம் தரும் பார்ட்டிகளை வைத்துத் தொழில் செய்பவருக்கு அந்த மலிவு வட்டி பயன்படாது. அவருக்குக் கையில் பணமே இருக்காது.

பட்டறைக்காரர் பார்ட்டிக்குக் கொடுக்கும் கடனும் வங்கி அவருக்குக் கொடுக்கும் கடனும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. பார்ட்டி இழுத்தடித்தால் உங்கள் டிராயிங் பவர் குறையும். பழைய வாடிக்கையாளர், முகத்தை முறித்துக்கொள்ள முடியாது என்று சொல்லிச் சொல்லியே 120 நாள் வரை விடுகிறோம். எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) வளர்ச்சிச் சட்டம், 2006இன்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்குபவர் காலத்தில் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாத நிலையும் 2024 ஏப்ரல் முதல் வந்துவிட்டது. உதயம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தப் பிடி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை. பில்லில் உதயம் எண்ணை அச்சிடுங்கள். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள், பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் பெற உதவும் டிரெட்ஸ் இணையத் தளத்தில் சேர வேண்டும் என்பதும் இப்போது கட்டாயம். உங்கள் பெரிய பார்ட்டி அதில் இருந்தால் பில்லை அங்கே ஏற்றித் தள்ளுபடி செய்துகொள்ளலாம். பார்ட்டி கட்டத் தவறினாலும் அது உங்கள் தலையில் விழாது.

ஸ்டாக் ஸ்டேட்மெண்டை நேரத்தில் கொடுப்பது குமாஸ்தா வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மெண்டை வைத்துக் கணக்கிட்ட டிராயிங் பவரில் பணம் எடுத்தால், அந்த நிலுவை முறையற்றதாகிவிடும். அப்படியே 90 நாள் தொடர்ந்தால் கணக்கு வாராக் கடன். வட்டி ஒரு பைசா பாக்கி இல்லாமல் இருக்கலாம். காகிதம் கொடுக்காததற்காகவே என்.பி.ஏ. (வாராக் கடன்) ஆகிவிடும். வரம்பைப் புதுப்பிக்க வேண்டிய தேதி தாண்டி 180 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அதே கதி. சி.சி. கணக்கில் 90 நாளாக வரவே இல்லை என்றாலும், வந்த வரவு அந்தக் காலத்து வட்டிக்குப் போதவில்லை என்றாலும் அப்படித்தான். வங்கி கணக்கை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்த்து வகைப்படுத்தும்: சி.சி. ஒன்று கெட்டால், அதே வங்கியில் அதே நிறுவனத்தின் பெயரில் ஒழுங்காக இ.எம்.ஐ. கட்டிவரும் இயந்திரக் கடனும் சேர்ந்து கெட்டதாகிவிடும். பிறகு பாதி பாக்கியைக் கட்டி மீள முடியாது. பாக்கி முழுவதையும் கட்டினால்தான் நல்ல கணக்காக மாறும்.

நான் பார்த்த சரிவுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்கின. சி.சி. பணத்தில் இயந்திரம் வாங்குவார்கள். நல்ல ஆர்டர் வரும், ஒரு சி.என்.சி. லேத் போட்டால் முடித்துவிடலாம் என்று தோன்றும். தவணைகளில் கட்டும் டெர்ம் லோனுக்கு மதிப்பீடு, கொட்டேஷன், ஆவணம் என்று நாளாகும், சி.சி.யில் 18 லட்சம் கையிலேயே இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நடைமுறை மூலதனம் என்பது இரும்பாகி, உருப்படியாகி, பில்லாகி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பணமாகி வர வேண்டியது. இயந்திரத்தில் போட்ட பணம் ஐந்தாறு ஆண்டு லாபமாகத்தான் துளித்துளியாகத் திரும்பும். அடுத்த மாதமே கணக்கு வரம்பின் உச்சியைத் தொட்டு நிற்கும். வார்ப்படம் வாங்கப் பணம் இருக்காது; புதிய இயந்திரம் சரக்கில்லாமல் சும்மா நிற்கும். அவசரத்துக்கு அடமானம் இல்லாத பிசினஸ் லோன் ஒன்றைச் செயலியிலோ முகவரிடமோ எடுப்பார்கள். அங்கேதான் விழுகிறார்கள்.

அந்தக் கடன்களைப் பெரும்பாலும் ஃபிளாட் வட்டியில் சொல்லி விற்கிறார்கள். 10 லட்சம், 12 சதவீதம், மூன்று ஆண்டு என்பார்கள். மூன்று ஆண்டுக்கும் முழு 10 லட்சத்துக்கே வட்டி போட்டால் 3.6 லட்சம், மாதத் தவணை 37,778 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி மட்டும் பழைய அசலுக்கே போடப்படுவதால், குறையும் நிலுவை முறையில் பார்த்தால் அந்த 12 சதவீதம் சுமார் 21 சதவீதமாகிறது. இதில் செயல்பாட்டுக் கட்டணமும் காப்பீடும் சேரவில்லை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் டெர்ம் லோன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் அச்சாகியிருக்கும். அதைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தாமதத்துக்கான அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கவும் கூடாது, அந்த அபராதத்துக்கு மேல் வட்டி போடவும் கூடாது என்ற விதியும் 2024 முதல் உண்டு. ஸ்டேட்மெண்டில் ஒரு தடவை சரிபாருங்கள். முன்கூட்டியே அடைக்கும் கட்டணமும் அப்படியே: 2026 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் ஒப்புதல் அல்லது புதுப்பிப்புப் பெற்ற மாறும் வட்டித் தொழில் கடன்களுக்கு, குறு, சிறு நிறுவனங்களிடம் வணிக வங்கிகள் அதை வசூலிக்க முடியாது. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தச் சலுகை இல்லை.

ஜாமீன் விஷயத்தில் என் மனம் மிகவும் வருந்துகிறது. வங்கிக்கு மனைவியை அழைத்து வந்து கையெழுத்து வாங்குவார்கள். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து மாதிரிதான்" என்று சொல்லித்தான் அழைத்து வந்திருப்பார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு சொல்வது வேறு: ஒப்பந்தத்தில் மாறாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வாருங்கள் என்று சொல்ல முடியாது. பிறந்த வீட்டில் அவருக்குக் கொடுத்த மனையும் அவருடைய வைப்புத் தொகையும் இதில் வரும். தம்பி கூட்டுத் தொழிலிலிருந்து விலகிய பிறகும், வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை அவர் போட்ட ஜாமீன் நிற்கிறது. நாளை தம்பி வீட்டுக் கடன் கேட்கும்போது அவருடைய சிபில் அறிக்கையில் அது தெரியும். கையெழுத்துப் போடுபவருக்கு எவ்வளவு தொகைக்கு, எந்தச் சொத்தின் மேல் என்று வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை.

அடமானமில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. திட்டத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை அது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரை உத்தரவாதம் தருகிறது. கட்ட முடியாவிட்டால் அரசு கட்டிவிடும் என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். உத்தரவாதம் வங்கிக்குக் கிடைப்பது. அந்தத் தொகையை வங்கி பெற்ற பிறகும் உங்களிடம் வசூல் தொடரும். ஆண்டுக் கட்டணத்தையும் பொதுவாக நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

காப்பீட்டு நிபந்தனையில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலிசியில் பட்டறை முகவரி மட்டும் இருக்கும். சரக்கில் ஒரு பகுதி பிளேட்டிங்குக்கோ மெஷினிங்குக்கோ ஜாப் ஒர்க் இடத்தில் கிடக்கும். அங்கே தீப்பிடித்தால் பாலிசி கைகொடுக்காது. அந்த முகவரிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெரிய பார்ட்டி ஒன்று கவிழ்ந்து தொழில் திணறலாம். அப்போது நம்மவர்கள் செய்வது வங்கியின் போனை எடுக்காமல் இருப்பது. பாக்கி 60 நாளைத் தாண்டும்போது கணக்கு மூன்றாம் எச்சரிக்கை நிலைக்குப் போகிறது. 90ஐத் தாண்டினால் வாராக் கடன். அதன் பிறகு, அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், பிறகு சொத்துக் கைப்பற்றல். நோட்டீசுக்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். கைப்பற்றிய பிறகு 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை நாடலாம். கோவையிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் அங்கே போய் நிற்பதற்கு வெகுமுன்பே ஒரு கதவு இருக்கிறது.

25 கோடி வரை கடன் உள்ள எம்.எஸ்.எம்.இ.களுக்கு, கணக்கு கெடுவதற்கு முன்பே நலிவைக் கண்டு குழு அமைத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2016இல் ரிசர்வ் வங்கி அதை வங்கிகளுக்கு வழிமுறையாக்கியது. தவணையை மாற்றி அமைப்பது, காலம் நீட்டிப்பது போன்ற தீர்வுகள் அந்தக் குழுவின் கையில். தொழில்முனைவோர் தாமாகவே விண்ணப்பிக்கலாம். வங்கிகள் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தான் எம்.எஸ்.எம்.இ. என்பதை ஆவணத்தோடு வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய பொறுப்பு கடன்தாரருக்கும் உண்டு, வசூல் நடவடிக்கை முற்றிய பிறகு அதைச் சொல்லித் தடுக்க முடியாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. எனவே முதல் தவணை தவறும் மாதமே எழுத்தில் மனுக் கொடுங்கள். உதயம் சான்றிதழ், தணிக்கை செய்த கடைசிக் கணக்கு, எந்தப் பார்ட்டியிடம் எவ்வளவு முடங்கியிருக்கிறது என்ற பட்டியல், அடுத்த 12 மாத வரவுசெலவு மதிப்பீடு ஆகியவற்றை இணையுங்கள். கிளையில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அதே நாளில் மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள்.