17ஆம் நாளில் பெட்டை ஏன் மயிர் பிடுங்கியது?

உப்புவெளியில் முயல் வளர்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணை, 5 மாத நியூசிலாந்து வெள்ளை ஆண் ஒன்று வாங்கினேன். முதலில் பெட்டையின் தலைப்பக்கம் ஏறிக்கொண்டு நின்றது. பிறகு ஒருமாதிரி சரியாக ஏறியது. பெட்டை மயிர் பிடுங்கிப் படுக்கையும் போட்டது, ஆனால் குட்டி இல்லை. அம்மா நாவூறு என்று மிளகாய் சுற்றி எரித்தா. என்ன பிழை?"

மிளகாய்ப் புகையில் முயல் தும்மியிருக்கும், அதற்கு மேல் ஒன்றும் நடந்திராது. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: ஆண் ஏறியதிலிருந்து படுக்கை போட்டது எத்தனையாம் நாள்? கலண்டரைப் பார்த்துவிட்டு 17 என்றார். அதோடு விஷயம் விளங்கிவிட்டது.

ஆணின் கதையை முதலில் முடித்துவிடுவோம். தலைப்பக்கம் ஏறுவது நோய் இல்லை, பழக்கமின்மை. இந்த இனத்து ஆணுக்கு 6 மாதமாவது ஆகட்டும். பெட்டையைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாறிச் செய்தால் பெட்டை தன் இடமென்று கடிக்க வரும், ஆண் வந்த வேலையை மறந்து மூலை மூலையாக மணந்து திரியும். முதல் தடவைக்கு ஏற்கெனவே குட்டி போட்ட, சாதுவான பெட்டையாகக் கொடுங்கள். பிழையான பக்கம் ஏறினால் மெல்லத் திருப்பி விடுங்கள், அந்தப் பக்கத்தில் பல் இருக்கிறது. சரியாக நடந்தால் சந்தேகமே வராது: ஒரு முனகல், உடம்பு விறைத்து, ஆள் அப்படியே பக்கவாட்டில் தொப்பென்று விழும். முதன்முதல் பார்த்தபோது செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

சரி, இனி எனக்குப் பிடித்த இடம். மனிதரில், மாட்டில், ஆட்டில் முட்டை தன்பாட்டில் நாள் பார்த்து வெளிவரும் என்று ஓஎல்லில் படித்திருப்பீர்கள். முயல் நாள் பார்ப்பதில்லை. சூலகத்தில் முட்டையை வைத்திருக்கும் சின்னப் புடைப்புகள் முதிர்ந்து நிற்கும், ஆனால் வெடிக்காது. சேர்க்கை இல்லாவிட்டால் சில நாளில் அவை சுருங்கிப்போக அடுத்த தொகுதி வந்து நிற்கும். ஆண் ஏறியதும் அந்தத் தொடுகை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது, அங்கே பரிவகக்கீழ் என்ற பகுதி மூளையடியிலுள்ள கபச்சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது, அது முட்டையை வெளிவரச் செய்யும் லூட்டினாக்கும் ஓமோனைக் குருதியில் கொட்டுகிறது. 10 முதல் 12 மணித்தியாலத்தில் புடைப்புகள் வெடித்து முட்டைகள் வெளியே வரும். இதற்குள் விந்தணுவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போன கையோடு அதனால் கருக்கட்ட முடியாது, பெட்டையின் உடலுக்குள் சில மணித்தியாலம் ஊறிப் பதப்பட்டால்தான் முட்டையைத் துளைக்கும் பக்குவம் வரும். மின் சுவே சாங் என்ற ஆய்வாளர் 1951இல் இதைக் காட்டியதும் முயலில்தான். முட்டை வந்து சேரும்போது விந்தணு பதமாகிக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் கபச்சுரப்பி கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும். விந்து உள்ளே போனதா, போனதில் உயிர் இருந்ததா என்றெல்லாம் அது விசாரிக்காது. ஒரு பெட்டை இன்னொரு பெட்டையின் மேல் ஏறினாற்கூட முட்டை வந்துவிடலாம். முட்டை வெளிவந்த இடத்தில் மஞ்சட் சடலம் என்ற திசு உருவாகிச் சினையைத் தாங்கும் புரஜெஸ்தரோன் ஓமோனைச் சுரக்க, பெட்டையின் உடல் தன்னைச் சினை என்றே நம்பிவிடும். உள்ளே கரு இல்லாததால் 16 முதல் 18 நாளில் மஞ்சட் சடலம் வாடிவிடும், பெட்டை பிரசவம் கிட்டிவிட்டது போல மயிர் பிடுங்கும். உண்மைச் சினை என்றால் ஏறக்குறைய 31 நாள். தம்பியின் பெட்டைக்கு வந்தது பொய்ச்சினை. நாவூறு 17 நாள் எண்ணிக்கொண்டு வராது.

இந்த விசித்திரத்தை மனிதர்களும் பயன்படுத்தினார்கள். 1931இல் மோரிஸ் பிரீட்மன் கொண்டுவந்த கருத்தரிப்புச் சோதனையில், பெண்ணின் சிறுநீரைத் தனியே வைத்திருந்த பெட்டை முயலின் காதுக் குருதிக்குழாயில் ஏற்றுவார்கள். கர்ப்பமென்றால் அதிலுள்ள ஓமோன் லூட்டினாக்கும் ஓமோன் போலவே வேலை செய்து புடைப்புகளை வெடிக்க வைக்கும். ஓரிரு நாளில் முயலைக் கொன்று சூலகத்தைப் பார்ப்பார்கள், பாவம், விடை எதுவானாலும் அதற்குச் சாவுதான். முயல் எப்போது முட்டை விடும் என்று ஆராயக் காசு கேட்டால் இன்றைக்கு எந்தக் குழுவும் சிரிக்கும், "இதால் நாட்டுக்கு என்ன பயன்" என்று ஒரு படிவமும் நீட்டும். எனக்கு அந்தப் படிவத்தின் மேல் தீராத கோபம்.

இன்னொன்று, ஆண் சரியாக ஏறியும் பொய்ச்சினை வரும். நம் திருகோணமலையில் வரண்டு கொதிக்கும் கச்சான் காற்றை நினைத்துப் பாருங்கள். கொட்டில் 30 பாகைக்கு மேல் கொதித்துக்கொண்டே கிடந்தால் விந்து பழுதாகும், ஆசை மட்டும் குறையாமல் இருக்கலாம். விந்தணு உருவாக ஏழு கிழமை அளவில் தேவை, அதனால் வெக்கை போன பிறகும் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஏமாற்றம் தொடரலாம். தகரக் கூரைக்கு மேல் கிடுகு போடுங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது: பொய்ச்சினை கலைந்ததும் பெட்டை அநேகமாக மறுபடி இணங்கும். பிறப்புறுப்பை மெல்ல விரித்துப் பாருங்கள், வெளிறியிருந்தால் பொறுங்கள், நன்றாகச் சிவந்திருந்தால் வெயில் ஏற முதல் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். அன்று பின்னேரம், எட்டுப் பத்து மணித்தியாலம் கழித்து, இன்னொரு தடவை. 12 முதல் 14 நாளில் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தால் சின்னச் சின்னப் போளைகள் போல விரலில் தட்டுப்படும்.