பொருளாளர் பணத்தில் கைவைத்தால் சங்கத்தை மூடிவிடுவார்களா?

கோலாலம்பூரின் செந்தூலில் ஆலய நிர்வாகமோ பிரிக்பீல்ட்ஸில் நற்பணி மன்றமோ, கணக்கில் ஓட்டை தெரிந்தால் உறுப்பினர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான்: "புகார் போட்டால் சங்கத்தையே இழுத்து மூடிவிடுவார்கள், விடுங்க." இந்தப் பயத்தை வைத்தே பல தலைவர்கள் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சங்கப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுப்பது நம்பிக்கை மோசடி. குற்றவியல் சட்டத்தின் 406-வது பிரிவில் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை; கூடவே பிரம்படி, அபராதமும் உண்டு. (50 வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் பிரம்படி கிடையாது. நம் தலைவர்களில் பலர் அந்த வகையில் தப்பிவிடுவார்கள்.) இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது எடுத்த ஆள்தான். சங்கம் பணத்தைப் பறிகொடுத்த தரப்பு. பறிகொடுத்தவனை யாரும் மூடமாட்டார்கள்.

லஞ்சம் என்றால் கதை வேறு. 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், சங்கப் பதிவிலாகாவில் பதிவான எந்தச் சங்கத்தையும் 'பொது அமைப்பு' என்றே வரையறுக்கிறது. பலருக்கு இது தெரியாது. கும்பாபிஷேகத்துக்கு முன் திருப்பணி நடக்கிறது என்று வையுங்கள். பெயிண்ட் வேலையைக் கொடுத்ததற்குக் குத்தகைக்காரர் தலைவரிடம் 20,000 வெள்ளி (ரிங்கிட்) 'கமிஷன்' தருகிறார். "நான் அரசாங்க ஊழியன் இல்லையே" என்று தலைவர் சொல்லித் தப்ப முடியாது. சிறை 20 ஆண்டு வரை போகலாம். அபராதம், வாங்கியதைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அது. ஆக இந்தத் தலைவருக்குக் குறைந்தது ஒரு லட்சம் வெள்ளி.

அமைப்பையே குற்றவாளியாக்கும் பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள 17ஏ பிரிவு அது. ஆனால் அது வணிக அமைப்புகளுக்கு மட்டும். சங்கச் சட்டத்தில் பதிவான சங்கம் அந்த வரையறைக்குள் வராது. அதே நற்பணியை எஸ்.எஸ்.எம். எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில், பங்கு முதல் இல்லாத உத்தரவாத நிறுவனமாகப் பதிந்து, அது தொழிலும் நடத்தினால், மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்போது அபராதம் குறைந்தது 10 லட்சம் வெள்ளி. இயக்குநர்களும் தங்கள் சம்மதமில்லாமல் நடந்தது, தடுக்க உரிய கவனம் எடுத்தோம் என்று தாங்களே நிரூபிக்க வேண்டும். ஒரே அன்னதானம், பதிவு செய்த இடத்தைப் பொறுத்து இரண்டு நியாயம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

சரி, சங்கத்துக்கு ஒன்றுமே ஆகாதா? ஆகும். சங்கம் சட்டவிரோத காரியத்துக்குப் பயன்பட்டாலும், சொந்த விதிகளையே மீறினாலும், பதிவதிகாரி கேட்ட கணக்கைக் கொடுக்காவிட்டாலும், 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் 13-வது பிரிவில் பதிவு ரத்தாகலாம். முதலில் காரணம் கேட்டு நோட்டீஸ் வரும். ரத்தானால் 30 நாளுக்குள் உள்துறை அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகும் பழையபடி கூட்டம் போட்டால் அது சட்டவிரோதச் சங்கம். சும்மா உறுப்பினராக இருப்பதே குற்றம். ஒருவர் செய்த திருட்டுக்குச் சந்தா கட்டிய அத்தனை பேர் தலையிலும் கல் விழும் இடம் இதுதான். கவனித்தீர்களா? இங்கே ஆபத்தைக் கொண்டுவருவது புகார் இல்லை. கணக்கு அனுப்பாமல் கிடப்பதும் விதியை மதிக்காததும்தான்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். செயலாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது போனதா என்பது. அடுத்தது செக் புத்தகம். பதிவிலாகாவின் மாதிரி விதிகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்துதான் செக்கில் கையெழுத்திட வேண்டும். நடப்பில், தலைவர் ஊருக்குப் போகும் முன் பத்துப் பன்னிரண்டு வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். திருட்டு பெரும்பாலும் அந்தச் செக்குகளில்தான் தொடங்கும். கணக்காய்வாளர் இருவரும் செயலவைக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்பதும் அதே மாதிரி விதிதான். பொருளாளரின் மைத்துனரைப் போடுவதை அது தடுக்கவில்லை, கூட்டத்தில் நீங்கள்தான் தடுக்க வேண்டும். செயலவை பேச மறுத்தால், பல சங்கங்களின் விதிப்படி ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டுச் சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்டலாம். உங்கள் சங்க விதியை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் போயிருந்தால் போலீஸின் வணிகக் குற்றப் பிரிவு, கமிஷன் என்றால் ஊழல் தடுப்பு ஆணையம், கூட்டமும் கணக்கும் தேர்தலும் என்றால் பதிவிலாகா. பினாங்கில் மட்டும் ஒரு வேறுபாடு. தண்ணீர்மலை முருகன் ஆலயம் போன்றவை 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த இந்து அறப்பணி வாரியத்தின் கீழ் வருபவை. அவற்றைப் பற்றிய கேள்வியை வாரியத்திடம்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

புகாரை முதலில் முகநூலில் போடாதீர்கள். 2010-ஆம் ஆண்டுத் தகவலாளர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்கத் துறையிடம் நேராகச் சொன்னவருக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. வாட்ஸ்அப் குழுவில் கொட்டிவிட்டுப் போனால், அவதூறு வழக்குதான் முதலில் வரும்.

ஆளை உள்ளே தள்ளினால் பணம் தானாகத் திரும்பாது. அதற்குத் தனியாகச் சிவில் வழக்கு போட வேண்டும். சங்கத்தின் சார்பில் வழக்குத் தொடுப்பவர், பதிவிலாகாவில் 'பொது அதிகாரி' என்று பெயர் கொடுக்கப்பட்ட உறுப்பினர். பல சங்கங்களில் அந்தப் பெயர் பழைய தலைவருடையதாகவே இருக்கும். அதனால் புதிய செயலவை வந்ததும் முதலில் அந்தப் பெயரை மாற்றிப் பதிந்து, அப்புறம் வழக்கறிஞரைப் பாருங்கள். பொதுவாக 6 ஆண்டுதான் அவகாசம்; மோசடியை மறைத்து வைத்திருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்.