ரோம் மாறியது சரி, கூகுள் போனதா?

"கூகுள் தொல்லையே வேண்டாம்னு கஸ்டம் ரோம் போட்டுட்டேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க" என்று பெருமையாக நீட்டப்படும் போன்களைச் சோதிப்பது என் வேலையில் ஒரு பகுதி. கஸ்டம் ரோம் என்றால், போன் கம்பெனி தந்த ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு ஏற்றும் வேறொரு ஆண்ட்ராய்டு. இந்த வாரம் வந்ததிலும் அதே கதைதான்: லினியேஜ்ஓஎஸ் என்ற ரோம், அதன் மேல் ஜிஆப்ஸ் என்ற கூகுள் செயலித் தொகுப்பு, அதில் பழைய ஜிமெயில் கணக்கு, இருப்பிட வரலாறும் ஆனில். அப்புறம் எதற்கு ரோம் மாற்றினீர்கள்?

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது. கூகுளுக்குத் தகவல் அனுப்புவது, பின்னணியில் ஓடும் பிளே சர்வீசஸ் என்ற கூகுள் செயலி. ஜிஆப்ஸை ஃபிளாஷ் செய்தால், அதாவது ரோமோடு சேர்த்து ஏற்றினால், பிளே சர்வீசஸ் சிஸ்டம் செயலியாகவே உட்காரும், நீங்கள் அனுமதி தராமலேயே பல உரிமைகளோடு. 2021-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் எடின்பரோ பல்கலைக்கழகமும் செய்த ஆய்வில், கூகுள் செயலிகள் ஏற்றிய லினியேஜ் போன் சும்மா கிடந்தபோதே கூகுளுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. போன் கம்பெனி வைத்த உளவு ஒழிந்தது, ஒப்புக்கொள்கிறேன். கூகுளின் பங்கு அப்படியே இருக்கிறதே! பிளே சர்வீசஸுக்கு மாற்றான மைக்ரோஜி போட்டால் குறையும், ஆனால் நோட்டிஃபிகேஷன் வேண்டுமென்றால் அதுவும் கூகுள் சர்வரைத்தான் தொட வேண்டும். கிராஃபீன்ஓஎஸ் என்ற இன்னொரு ரோமில் பிளே சர்வீசஸ் மற்ற செயலிகளைப் போல அனுமதி கேட்டுத்தான் ஓடும். அதற்குக் கூகுளின் பிக்சல் போன் வேண்டும்.

வைஃபையில் இணையம் வருகிறதா என்று போன் கூகுள் சர்வரைக் கேட்பதைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. அதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். டெலிகிராம் குழுவில் யாரோ போட்ட பில்டை, அதாவது தயார் நிலையிலுள்ள ரோம் கோப்பை, அப்படியே ஏற்றுகிறார்கள். அது பொதுவில் கிடைக்கும் டெஸ்ட் கீ என்ற டிஜிட்டல் சாவியால் கையெழுத்தானதாக இருந்தால், அதே கீயை வைத்து யார் வேண்டுமானாலும் சிஸ்டம் உரிமையுள்ள செயலி செய்யலாம். பிறகு வங்கிச் செயலி திறக்கவில்லை என்று ரூட் செய்து, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் திறந்துவிட்டு, ஊர் பேர் தெரியாதவர் எழுதிய மாட்யூல் என்ற கூடுதல் நிரலையும் ஏற்றிவிட்டு, "பர்மிஷன் எல்லாம் ஆஃப்ல இருக்கு சார்" என்கிறார்கள். ரூட் கொடுத்த பிறகு பர்மிஷனாவது!

அதிகாரப்பூர்வ பில்டை மட்டும் எடுங்கள், கையெழுத்தைச் சரிபாருங்கள். அப்டேட் நின்றுபோன ரோமை விட்டுவிடுங்கள். அன்றாடம் வைத்திருக்கும் போனில் ரூட் வேண்டவே வேண்டாம்.

ரோம் போடுவதற்காகத் திறந்த பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தைத் துவக்கும் நிரல்) திரும்பப் பூட்டுவதும் நல்லதுதான், ஆனால் இதைப் படித்த வேகத்தில் பூட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. உங்கள் ரோம் அதை ஆதரிக்காவிட்டால் போன் எழவே எழாது. முதலில் அந்த ரோமின் வழிகாட்டியைப் படியுங்கள், பூட்டும்போது எல்லாம் அழியும் என்பதால் அதற்கும் முன்னால் பேக்கப் எடுங்கள்.