டிராஃப்ட் லாட்டரி: தமிழில் இதை எப்படிச் சொல்வது?

கூடைப்பந்துச் செய்திகளைத் தமிழில் படிக்கும்போது சில நேரம் 'என்பிஏ வரைவு லாட்டரி' என்று ஒரு சொற்றொடர் கண்ணில் படும். புது வீரர்களை எந்த அணி எத்தனையாவதாக எடுக்கும் என்ற வரிசையை முடிவு செய்யும் 'டிராஃப்ட் லாட்டரி'யை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் சட்டமும் இல்லை, சட்ட வரைவும் இல்லை. அப்புறம் லாட்டரி என்று படித்தால் நம் ஊரில் 2003இல் தடை செய்யப்பட்ட பரிசுச் சீட்டுதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆக, சொற்றொடரில் இருப்பது இரண்டே சொல், இரண்டுமே வாசகரைத் தப்பான திசைக்குக் கூட்டிப்போகின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்து, சரியான தமிழ்ச் சொல் எதுவாக இருக்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டிராஃப்ட். ஆங்கிலத்தில் 'இழு' என்று பொருள்படும் பழைய வினையிலிருந்து வந்த சொல் இது. கோடு இழுத்தால் வரைபடம், வண்டியை இழுத்தால் பாரமாடு, கூட்டத்திலிருந்து ஆட்களை இழுத்தெடுத்தால் கட்டாயப் படைசேர்ப்பு, எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் பெயர்களை உருளையில் போட்டுச் சுற்றி, யார் பெயர் வருகிறதோ அவரைப் படைக்கு எடுத்தார்கள். அந்தப் பொருளில்தான் சொல் விளையாட்டுக்கு வந்தது. அமெரிக்கக் கால்பந்தில் 1936இல் தொடங்கி, கூடைப்பந்தில் 1947 முதல் நடக்கிறது. கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் புதிதாக வரும் வீரர்களை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக, முறை வைத்து, பெயர் சொல்லி எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் புதிது, ஏனென்றால் அங்கே நடப்பது ஏலம், காசு அதிகம் வைத்தவருக்கு ஆள். (ஏலம் என்ற சொல்லும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்ததுதான், ஆனால் இன்று அதை அயல்சொல் என்று யாரும் நினைப்பதில்லை.) டிராஃப்டில் காசு பேசாது, வரிசைதான் பேசும். முதலில் நிற்பவருக்கு முதல் ஆள்.

இதற்குத் தமிழில் 'தெரிவு' போதும் என்பது என் கருத்து. 'வரைவு' என்ற சொல்லிலும் ஒரு சுவையான சேதி இருக்கிறது: சங்க அகப்பாடல்களில் வரைவு என்றால் திருமணம், வரைந்துகொள்வது என்றால் ஒருத்தியைத் தனக்குரியவளாக ஏற்றுக்கொள்வது. எல்லை கட்டித் தனக்கென்று வைத்துக்கொள்ளுதல் என்ற அந்தப் பொருள், ஓர் அணி ஒரு வீரரை 'இவர் எங்களுக்கு' என்று எடுப்பதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தியே போகிறது! இயந்திரம் தெரியாமல் போட்ட சொல் பழந்தமிழில் போய் நிற்கிறது. ஆனாலும் இன்றைக்கு வரைவு என்று படிப்பவர் மனதில் சட்டமன்றம்தான் வரும். எனவே தெரிவு என்றே வைத்துக்கொள்வோம். முதல் ஆளை எடுக்கும் உரிமை 'முதல் தெரிவு', அடுத்தது 'இரண்டாம் தெரிவு'. சொல்லவும் எளிது.

இனி லாட்டரி. இதன் உள்ளே இருக்கும் 'லாட்' ஜெர்மானிய மொழிகளின் பழைய சொல். குலுக்கிப் போட்டு எடுக்கும் மரத்துண்டுக்கும் அதுதான் பெயர், அதனால் ஒருவருக்குக் கிடைக்கும் பங்குக்கும் அதே பெயர். பங்கு பிரிக்கும் வழி என்பதுதான் மூலப்பொருள், பணப்பரிசு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. டச்சு, இத்தாலி, பிரெஞ்சு மொழிகளைச் சுற்றிவிட்டு ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நமக்கு வந்தது. வந்த இடத்தில் சூதாட்டம் என்ற பொருள் மட்டும் கெட்டியாக நின்றுவிட்டது.

பங்கு பிரிக்கும் வழி என்ற அந்தப் பழைய பொருளுக்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. சாமி முன்னால் போட்டு எடுத்தால் திருவுளச்சீட்டு. மாதச் சீட்டில் ஏலம் இல்லாமல் பெயர் எடுத்தால் குலுக்கல் சீட்டு. தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பம் அதிகமாக வந்தால் 'குலுக்கல் முறையில் தேர்வு'. உள்ளாட்சித் தேர்தலில் இருவர் சம வாக்கு வாங்கினாலும் குலுக்கல்தான். இதில் எங்கேயும் யாரும் காசு கொடுத்துச் சீட்டு வாங்குவதில்லை. அதனால்தான் லாட்டரியை விடக் குலுக்கல் பொருத்தம் என்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. லாட்டரி என்றால் பரிசு கண்ணுக்குத் தெரிகிறது, குலுக்கல் என்றால் குலுக்கும் கை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு குலுக்கல் நேர்மையானதா என்ற கேள்வி முழுக்க அந்தக் கையைப் பற்றியதுதானே.

அப்படியானால் 'வீரர் குலுக்கல்' என்று சொல்லலாமா? கூடாது. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். குலுக்கலில் வீரர் யாரும் விழுவதில்லை, எந்த அணி எத்தனையாவதாகத் தெரிவு செய்யும் என்ற வரிசைதான் விழுகிறது. வீரரைத் தெரிவு செய்வது அப்புறம் ஜூனில். ஆகவே முழுப்பெயர் 'தெரிவு வரிசைக் குலுக்கல்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க முடியாத நீளம்.

சரி, வரிசைக்கு எதற்குக் குலுக்கல்? கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு முதல் தெரிவைக் கொடுத்துவிட்டால் போகிறது, நலிந்தவருக்கு உதவி, கணக்கு முடிந்தது என்று தோன்றும். ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1966 முதல் 1984 வரை கிழக்குப் பிரிவின் கடைசி அணிக்கும் மேற்குப் பிரிவின் கடைசி அணிக்கும் நடுவில் பூவா தலையா போட்டார்கள். 1969இல் பீனிக்ஸ் அணி தலை கேட்டது, பூ விழுந்தது, பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த வீரர் மில்வாக்கிக்குப் போனார். ஒரு நாணயம் புரண்டதில் இரண்டு நகரங்களின் பத்தாண்டு மாறிப்போனது. அப்புறம் ஹூஸ்டன் அணி 1983இல் ரால்ஃப் சாம்ப்சனையும், 1984இல் ஹகீம் ஒலாஜுவானையும் அடுத்தடுத்து முதல் தெரிவாக எடுத்தபோது, முதல் தெரிவுக்காகவே தோற்கிறார்கள் என்ற பேச்சு பலமாகக் கிளம்பியது.

அதைத் தடுக்க 1985இல் வந்ததுதான் முதல் குலுக்கல். அடுத்த சுற்றுக்குப் போகாத ஏழு அணிகள், ஏழு உறைகள், ஒளிபுகும் ஓர் உருளை, எல்லாருக்கும் ஏழில் ஒரு வாய்ப்பு. நியூயார்க்கில் நடந்தது, என்பிஏ ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் உறைகளை எடுத்தார், முதல் தெரிவு நியூயார்க் நிக்ஸ் அணிக்கே விழுந்தது, அவர்கள் பேட்ரிக் யூயிங்கை எடுத்தார்கள். அந்த உறையின் ஓரம் மடங்கியிருந்தது, இல்லை அதைக் குளிரவைத்து அடையாளம் வைத்திருந்தார்கள் என்று இன்றுவரை பேசுகிறார்கள். யாரும் நிரூபித்ததில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் அந்தப் பேச்சு நாற்பது வருடம் தாங்கி நிற்கிறதே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே குலுக்கலில் 22 வெற்றி, 60 தோல்வி என்று அடிமட்டத்தில் கிடந்த கோல்டன் ஸ்டேட் அணிக்குக் கிடைத்தது ஏழாவது தெரிவு. எல்லாருக்கும் சம வாய்ப்பு கொடுத்தால் குலுக்கல் சமமாக இருக்கும், பலன் நியாயமாக இருக்காது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபேர்' என்ற ஒரே சொல்லில் அடைத்து வைத்திருப்பதை நாம் நேர்மை, சமம், நியாயம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல முடியும். குலுக்கும் கை ஏமாற்றவில்லை என்றால் நேர்மை. எல்லாருக்கும் ஒரே அளவு வாய்ப்பு என்றால் சமம். யாருக்குத் தேவை அதிகமோ அவருக்குக் கூடுதல் என்றால் நியாயம். 1985 குலுக்கலில் சமம் இருந்தது, நியாயம் குறைவு. 1990இல் வாய்ப்பை ஏற்ற இறக்கமாக மாற்றினார்கள்: 11 அணிகள், மொத்தம் 66 வாய்ப்பு, மிக மோசமான அணிக்கு 11, ஓரளவு நன்றாக ஆடிய அணிக்கு 1. நம் பள்ளிப் புத்தகத்தில் 'நிறையிட்ட சராசரி' என்று வருமே, அந்த வழியில் இதை 'நிறையிட்ட குலுக்கல்' எனலாம். 1993இல் பாதி ஆட்டங்களை வென்று 41-41 என்று நின்ற ஆர்லாண்டோ அணி, 66இல் ஒன்று என்ற அந்த ஒற்றை வாய்ப்பில் முதல் தெரிவை வென்றது. முந்தைய வருடம்தான் ஷகீல் ஓ'நீலை முதல் தெரிவாக எடுத்திருந்தார்கள்! உடனே விதி மாறியது.

1994இல் வந்தது இன்னும் அழகான ஏற்பாடு. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் ஓர் இயந்திரத்தில் சுழலும், நான்கு பந்துகள் வெளியே வரும். பதினான்கில் நான்கை எடுக்க 1001 வழிகள். அதில் 11-12-13-14 என்ற ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், மிச்சம் 1000 சேர்க்கைகளை அடுத்த சுற்றுக்குப் போகாத அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்போது மிக மோசமான அணிக்கு 250, அதாவது 25 சதவீதம். பிலடெல்பியா அணி 2013 முதல் மூன்று பருவங்களில் 246 ஆட்டங்களில் 47 மட்டும் வென்றது இந்த விதியின் காலத்தில்தான். வருங்காலத்துக்காக இன்றைக்குத் தோற்பது என்று அணி நிர்வாகமே துணிந்த கதை அது. இப்படித் தோற்பதை ஆங்கிலத்தில் டேங்கிங் என்பார்கள், குத்துச்சண்டைக்காரர் காசு வாங்கிக்கொண்டு நீச்சல் தொட்டியில் பாய்வது போல விழுவதிலிருந்து வந்த வழக்கு. தமிழில் 'வேண்டுமென்றே தோற்பது' என்பதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. ஆனால் களத்தில் ஆடுபவர்கள் தோற்க ஆடுவதில்லை, நல்ல ஆட்களை விற்றும் உட்காரவைத்தும் தோல்வியை ஏற்பாடு செய்வது மேலே இருப்பவர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அது வீரர்கள் மேல் விழும் வீண்பழி.

2019இல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140 சேர்க்கை, அதாவது 14 சதவீதம் என்று குறைத்தார்கள், முதல் நான்கு இடங்களைக் குலுக்கலுக்கு விட்டார்கள், மிச்ச இடங்கள் அதிகம் தோற்றவர் முதலில் என்ற வரிசைப்படி. மிக மோசமாகத் தோற்பதில் தனி லாபம் போய்விட்டது. ஆனால் உண்மையாகவே பலமில்லாத அணிக்கும் சேர்த்துத்தான் போய்விட்டது, அந்த விதிப்படி கடைசி அணி ஐந்தாவதுக்குத் தள்ளப்படும் வாய்ப்பு கிட்டத்தட்ட 48 சதவீதம். இது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அர்த்தமில்லாமல் போவதை விட இது மேல் என்றுதான் நினைக்கிறேன்.

பரபரப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? முடிவை 14ஆவது இடத்திலிருந்து தலைகீழாக அட்டை அட்டையாகத் திறப்பார்கள். ஓர் அணி வரவேண்டிய இடத்தில் வராமல் வேறு அணியின் பெயர் வந்தால், அந்த அணி முதல் நான்குக்குத் தாவிவிட்டது என்று அர்த்தம். 2025 மே மாதம், நமக்கு விடிகாலை நாலரை மணிக்கு மேல், 11ஆவது அட்டையில் டல்லஸ் வரவேண்டும், போர்ட்லாந்து வந்தது. தூக்கம் எனக்குப் போய்விட்டது. டல்லஸிடம் இருந்தது 1000இல் 18 சேர்க்கை. சில மாதங்களுக்கு முன்புதான் லூக்கா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்துவிட்டுச் சொந்த ரசிகர்களிடமே திட்டு வாங்கிய அணி அது. முதல் தெரிவு அவர்களுக்கே விழுந்தது, கூப்பர் ஃப்ளாக்கை எடுத்தார்கள். உடனே சதி என்ற பேச்சும் வந்தது.

அந்தப் பேச்சுக்குக் காரணம் கணக்கு இல்லை, அறை. பந்துகள் சுழல்வது ஒரு மூடிய அறைக்குள். அணிப் பிரதிநிதிகளும் சில செய்தியாளர்களும் இருப்பார்கள், தணிக்கை நிறுவனம் மேற்பார்க்கும், எல்லாருடைய கைப்பேசியும் வாங்கி வைக்கப்படும், ஒளிபரப்பு முடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. பாதுகாப்பு பலம்தான். ஆனால் நேரலையில் ரசிகர் பார்ப்பது அட்டையை மட்டும்.

இதை நினைக்கும்போதெல்லாம் உத்திரமேரூர் கல்வெட்டு ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆண்டுகள், குடவோலை முறை. முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் பிரிவுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகள் குடத்துக்குள். தகுதி விதிகள் கடுமையானவை, ஊரில் எல்லாருக்கும் அதில் இடமில்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் எடுக்கும் விதத்தைப் பாருங்கள்: குடத்தைச் சபை முழுவதும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும், உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும், அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும், வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் பூசாரிகள்) எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக விரல் எப்படி இருக்க வேண்டும் என்பதைக்கூடக் கல்லில் வெட்டி வைத்தார்கள்! அந்தப் பந்து இயந்திரத்தையும் நேரலையில் காட்டலாம் என்பது என் ஆசை. அட்டை தரும் பரபரப்பு கொஞ்சம் குறையும்தான், பரவாயில்லை.

எழுதும்போது ஒரு சின்னக் கவனம். 'முதலிடம்' என்று எழுதிவிடாதீர்கள், அது புள்ளிப்பட்டியலில் மேலே நிற்பதற்கான சொல், இங்கே பேசுவது பெரும்பாலும் கீழே நிற்பவர்களைப் பற்றி. முதல் முறை வரும்போது தெரிவு வரிசைக் குலுக்கல் என்று முழுதாக எழுதுங்கள், அடுத்து வரும் இடங்களில் குலுக்கல் என்றால் போதும். 2025 செய்தியை நான் எழுதியிருந்தால் தலைப்பு இப்படி இருந்திருக்கும்: 'என்பிஏ குலுக்கல்: டல்லஸுக்கு முதல் தெரிவு, கடைசியில் நின்ற யூட்டாவுக்கு ஐந்தாவது.'